ஆக்னஸ் வேண்டாமென்ற இரண்டு கார்கள்

ஹப்சிகுடா,
ஹைதராபாத்.
ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்.

பெருமதிப்பிற்குரிய ஞானசிகாமணி மச்சான் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கணவன் அருணாசலம் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் ஆக்னஸும் தெய்வ கிருபையால் நல்ல சுகம். எந்தத் தெய்வம் என்பதில் எங்களுக்குள் கல்யாணமான நாளிலிருந்து சண்டை வந்ததில்லை, இப்போதும் இல்லை. நாகர்கோவிலில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலிக்குப் புது எண்ணெய் கேட்கிறதா என்று ஆக்னஸ் விசாரிக்கச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் இந்தக் கடிதம் எழுதுவதே அவளுக்குத் தெரியாது. நானாகவே விசாரிக்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் நினைக்கலாம். சென்ற வாரம் தாங்கள் போனில், "என்ன மாப்பிள்ளை, கார் வந்தாச்சா, கிறிஸ்துமஸுக்கு அதுலதான வாறீங்க?" என்று கேட்டபோது, நான் "ஆங், மழை நல்லா பெய்யுதா அங்க?" என்று கேட்டேன் அல்லவா. ஆக்னஸ் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாட்ஸப்பில் எழுதலாமென்றால், அவள் போனில் சார்ஜ் இறங்கிய நேரமெல்லாம் என் போன்தான் அவள் கையில். ஆகவே தாள் எடுத்து எழுதுகிறேன். எங்கள் எதிர் ஃப்ளாட் சந்திரமோகன் நாளைக்குக் கூரியரில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தாங்கள் எங்கள் காரை நம்பி வீட்டு கேட்டை அகலப்படுத்தி, முன் போர்ட்டிகோவில் தனியாகப் பிளக் பாயிண்ட்டும் வைத்துவிட்டதாக அக்கா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுவது என் கடமை.

போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது கர்னூல் தாண்டி நம் பழைய வெள்ளைக் கார் புகைவிட்டு நின்றதும், லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டுக் கட்டியிழுத்து வந்ததும் தாங்கள் அறிந்ததே. அன்றைக்கே ஆக்னஸ் இனி பெட்ரோல் வண்டி இந்த வீட்டுக்குள் வராது, கரண்டில் ஓடும் கார்தான் என்று தீர்மானம் போட்டாள். பொங்கல் கழிந்ததும் ஷோரூமுக்குப் போனோம். கம்பெனி பெயரை எழுதவில்லை. எழுதினால் தாங்களும் அதைத் தேடிப் படிக்க ஆரம்பிப்பீர்கள், அப்புறம் அக்கா எனக்குக் கடிதம் எழுத வேண்டிவரும். அங்கே பானு என்கிற தெலுங்குப் பிள்ளை, சிரித்த முகம், எங்களை உட்காரவைத்து எல்லாம் விளக்கிச் சொன்னது. தங்கள் தங்கை கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். அந்தப் பிள்ளையை நிற்கவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதுபோலக் கேள்வி கேட்டாள். கடைசியில் புக் பண்ணினோம். பங்குனிக்குள் வந்துவிடும் என்றார்கள். எங்கள் அப்பார்ட்மெண்டில் ஆளுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம். அந்த இடத்துத் தூணில் சார்ஜர் பெட்டி மாட்ட வேண்டுமென்று பழைய காரை அந்த வாரமே மல்லாபூரில் பட்டறை வைத்திருப்பவருக்குக் கொடுத்தாயிற்று. "புதுசு வந்தப்புறம் கொடுப்போமே" என்றேன். "வரத்தான போகுது" என்றாள். சார்ஜர் மாட்டுவதற்கு எங்கள் அசோசியேஷன் செக்ரெட்டரி கிருஷ்ணகுமார், கட்டிடமே பற்றிக்கொள்ளும் என்று ஒரு மீட்டிங் போட்டார். ஆக்னஸ் போர்டில் படம் போட்டுப் பாடம் எடுத்தாள். கிருஷ்ணகுமார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சார்ஜர் வந்தது, தூணில் ஏறியது, பச்சை விளக்கு எரிந்தது. கார் மட்டும்தான் பாக்கி.

இதற்குள் அந்தக் காரைப் புக் பண்ணினவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறார்கள், அதில் ஆக்னஸ் சேர்ந்தாள். மச்சான், அங்கதான் பிடிச்சுது சனி. புனேயில ஒருத்தர், கொச்சியில ஒருத்தர், எல்லாம் பெரிய படிப்புப் படிச்ச ஆளுங்க, அவங்களுக்கு ஒரே பேச்சு, காருக்கு மூளையா வேலை செய்யுற சிப்பு இப்பம் பழசாம், புதுசு ஒண்ணு ஃபேக்டரிக்கு வந்தாச்சாம், அது பூட்டின கார் இனிமேதான் வரிசையில வருமாம். ஒருநாள் காப்பி கொண்டுவந்து வச்சுட்டு, "சாஃப்ட்வேர்னா காத்துலயே வந்து இறங்கிரும். ஹார்ட்வேர் ஒருதடவை பூட்டுனா பூட்டுனதுதான்" என்று வேதவசனம் சொல்லுத மாதிரி சொன்னா. "அதுக்கு இப்பம் என்ன?" என்று கேட்டேன். "பழைய சிப்போட எடுத்துட்டா காலம்பூரா அதைக் கட்டிக்கிட்டு அழணும். மாத்தித் தரமாட்டாங்க" என்றவள் என்னை ஒரு பார்வை பார்த்து, "எனக்கு அனுபவம் இருக்கு" என்றாள். நான் காப்பியைக் குடித்தேன்.

அந்தச் சிப்பு என்ன செய்யும் என்று நானும் தன்மையாகத்தான் கேட்டேன். கார் தானே சுற்றிப் பார்த்து, தானே யோசித்து, தானே பிரேக் போடுமாம். நம்ம ஹப்சிகுடா சிக்னலில் எருமை குறுக்கே வந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன். "பழைய சிப்புக்கு எருமை நிக்குதுன்னு தெரியும். புதுசுக்கு அது அடுத்து எந்தப் பக்கம் போகும்னும் தெரியும்" என்றாள். நாப்பது வருஷமா இந்த ஊர்ல வண்டி ஓட்டுற எனக்கே அது தெரியாது, பாத்துக்கிடுங்க.

பங்குனிக் கடைசியில் பானு போன் பண்ணி, வண்டி வந்துட்டு, வந்து எடுத்துக்கோங்க என்றது. நான் பட்டு வேட்டி கட்டி, தேங்காய், எலுமிச்சம்பழம், திருஷ்டி சுற்ற ஒரு பூசணிக்காய் எல்லாம் எடுத்துக்கொண்டேன். ஆக்னஸ் காரில் தொங்கவிட ஒரு சின்னச் சிலுவை எடுத்துக்கொண்டாள், ஜெபம் பண்ண அவள் சர்ச் பாஸ்டரையும் கூப்பிட்டிருந்தாள். கைப்பையில் ஒரு டார்ச் லைட் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கார் வாசலில் நிற்கிறது, ரிப்பன் கட்டி, ராஜா மாதிரி. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். நானும் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் ஆக்னஸ் காரின் நெற்றிக்கு நேரே டார்ச் அடித்து, கண் டாக்டர் மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காமிராக் கண்ணாடியில் சிவப்பாக மினுங்கினால் புதுசாம், நீலமாக மினுங்கினால் பழசாம். நீலமாகத்தான் மினுங்கியது. "பானு, இது வேண்டாம்மா" என்றாள். அந்தப் பிள்ளை பதறிப்போய், "ஆன்ட்டி, ப்ளீஸ் ஆன்ட்டி, சால மஞ்சி கலர் ஆன்ட்டி, அந்தரிக்கி இதே காவாலி" என்று கெஞ்சியது. எல்லாருக்கும் இந்தக் கலர்தான் வேணுமாம். "யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடும்மா, நான் அடுத்ததுல எடுத்துக்கிடுதேன்" என்று ஆக்னஸ் அதன் கன்னத்தைத் தட்டினாள். பாஸ்டர் பாவம், கார் ஜெபத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல், இந்த மகள் பானுவின் வேலையை ஆசீர்வதியும் என்று முடித்து ஆமென் சொன்னார். பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். ராத்திரி பூசணிக்காய் சாம்பார். பாஸ்டர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

சரி, ஒருதடவை நடந்தது என்று விட்டேன். ஆவணியில் மறுபடி கார் வந்தது. இந்தத் தடவை நான் தேங்காயோடு நிறுத்திக்கொண்டேன், பாஸ்டருக்கு வேறு வேலை இருந்ததாம். ஆக்னஸ் டார்ச் அடித்தாள், சிவப்பாக மினுங்கியது. பானுவுக்கு உயிர் வந்தது, எனக்கும் வந்தது. தேங்காயை உடைக்கக் கையை ஓங்கிவிட்டேன் மச்சான். அப்பம் பாத்து இவ காருக்கு முன்னால குத்துக்கால் வச்சு உக்காந்து, கீழ பம்பர்ல விரலால தடவுதா. அங்க சின்னதா ஒரு பிளாஸ்டிக் மூடி. "இது என்னம்மா?" என்று கேட்டாள். பானு தலையைக் குனிந்துகொண்டு, "முன்பக்கக் காமிராவுக்கான இடம் ஆன்ட்டி, அது நெக்ஸ்ட் லாட்ல வருது" என்று தமிழிலேயே சொன்னது. எங்களோடு பேசிப் பேசி அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வந்துவிட்டது. "கண்ணுக்குக் குழி வெட்டி வச்சிருக்கான், கண்ணை வைக்கலை. இதைக் கொண்டுபோய் வச்சுக்கிட்டு நான் தினம் அந்த மூடியைப் பார்த்துக்கிட்டு இருக்கவா?" என்று எழுந்துவிட்டாள். நான் சொன்னேன், "மூடி இருக்குறதே உனக்குத்தான் தெரியும். ரோட்டுல போற ஒருத்தனுக்கும் தெரியாது." அவ சொன்னா, "எனக்குத் தெரியும்லா." உடைக்காத தேங்காயை பானுவுக்கே கொடுத்துவிட்டு வந்தோம், அவங்க அம்மா சட்னி நல்லா அரைப்பாங்களாம்.

இப்போது நான் படும் பாட்டைக் கேளுங்கள். முப்பது வருஷமாகச் சொந்தமாகக் கார் ஓட்டிப் போனவன் கையில் துணிப்பையோடு தெருவில் நிற்கிறேன். காலையில் தார்நாகாவுக்குக் காய் வாங்கப் போக சந்திரமோகன் காரில் ஏறிக்கொள்கிறேன். அவர் பாட்டன் காலத்திலிருந்தே ரயில்வே வொர்க்ஷாப் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத், அவர் தமிழ் நமக்குப் பாதிதான் புரியும். "ஆஜ் கேரட் நக்கோ அண்ணா, முருங்கை எடு" என்பார். "கைக்கு டென்ஷன் அண்ணா, கார் வந்தப்ப வரட்டும், என் வண்டி ஹை நா" என்பார். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதுக்கு, ஹை நா என்றால் இருக்குல்லா என்று அர்த்தமாம். வழியெல்லாம் வொர்க்ஷாப் கதை. பாட்டன் ஒரு வெள்ளைக்கார ஃபோர்மேனின் சைக்கிளைப் பிரித்து மறுபடி பூட்டியதில் ஒரு திருகு மிஞ்சிப்போன கதையை இதுவரை பலமுறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் திருகு வேறு இடத்தில் இருந்து மிஞ்சுகிறது. நான் கேட்டுத்தானே ஆகவேண்டும், லிஃப்ட் கொடுக்கிறவர். போன வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நாலு நாள் காய் வாங்கப் பிடிக்கவில்லை.

சர்ச்சுக்கு மெட்ரோ. செகந்திராபாத் போகும் வழியெல்லாம் ஆக்னஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காரில் போன காலத்தில் நான் ரோட்டைப் பார்த்துப் பிறத்தியாரைத் திட்டிக்கொண்டே போவேன், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள். மெட்ரோவில் திட்ட ஆள் இல்லை, அதனால் பேச வேண்டியதாக இருக்கிறது. அவள் காலேஜ் நாடகத்தில் ராஜா வேஷம் போட்டதும், தாங்கள் பசை வைத்து ஒட்டிய மீசை மேடையில் கழன்று ராணி தலையில் விழுந்ததும் இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. தாங்களும் சொல்லவில்லை. அவள் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள், எதிர் சீட்டில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் சிரிப்பை அடக்கமாட்டாமல் ஸ்டேஷனைத் தவறவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருகிறோம். கார் இருந்தால் இந்த அவமானம் எல்லாம் உண்டா.

அதைவிடக் கொடுமை என் பார்க்கிங் இடம். கார் இல்லை, சார்ஜர் இருக்கிறது. முதலில் கீழ் ஃப்ளாட் ஃபாத்திமா, காயல்பட்டினத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, "அங்கிள், உங்க கார் வரும்வரைக்கும் என் ஸ்கூட்டருக்கு இந்தப் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக்கவா?" என்று கேட்டது. போட்டுக்கோம்மா என்றேன். மறுநாளே சாயங்காலம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம் வந்தது. ஸ்கூட்டர் சார்ஜ் ஏறும்வரை அந்தப் பிள்ளை அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தது. துணைக்கு நான் ஒரு நாற்காலி போட்டேன். சந்திரமோகன் ஒன்று போட்டார். பிறகு யாரோ கேரம் போர்டு கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அங்கே கூட்டம். கட்டிடம் பற்றிக்கொள்ளும் என்று மீட்டிங் போட்ட அதே கிருஷ்ணகுமார்தான் போர்டுக்கு பவுடர் வாங்கி வருகிறார். மூன்றாம் மாடி ஷோபா, யாரோடும் ஒரு வார்த்தை பேசாத அம்மா என்று நினைத்திருந்தோம், சிவப்புக் காயைப் போட்டுவிட்டு தெலுங்கில் எதிராளியை ஏசுகிறது, அப்படி ஒரு ஏச்சு. எனக்கும் காய் நன்றாக விழுகிறது. நாச்சாரம் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது கேண்டீனில் ஆடினதுதான், இத்தனை வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை. ஆக்னஸ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்து சாப்பிடுங்க" என்று ரெண்டு தடவை கூப்பிட்டு, மூணாவது தடவை தட்டிலேயே போட்டுக் கீழே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்று நாலு ஆட்டம் பார்த்து, கோணம் தப்பு என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். சொந்தமாகப் பணம் கட்டின பார்க்கிங்கில் ஒரு மனுஷன் இந்த நிலைமையில் உட்கார்ந்திருக்கிறான், கேட்பாரில்லை.

இப்பம் குரூப்ல அடுத்த பேச்சு ஆரம்பிச்சாச்சு. முன்பக்கக் காமிரா வந்துட்டாம், ஆனா பேட்டரி புதுசா வருதாம், பாதி நேரத்துல சார்ஜ் ஏறுமாம். நேத்து காலையில இவ மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "இவ்வளவு பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் பொறுத்தா அதுவும் சேர்ந்து வந்துரும்" என்றாள். எனக்கு ஒரு சந்தேகம் மச்சான். அதுவும் வரும், அப்புறம் இன்னொண்ணு வரும். புதுசு வந்துக்கிட்டேதான் இருக்கும், நம்ம ரெண்டு பேருக்கும்தான் வயசாகிட்டே போகும். என்றைக்காவது ஒருநாள் போதும் என்று எடுக்கத்தானே வேண்டும்.

ஆகவே தங்களிடம் மன்றாடிக் கேட்பது இதுதான். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள், நானே பழைய சிப்பு. சின்ன வயதிலிருந்து அவள் மறுபேச்சு பேசாமல் கேட்பது தாங்கள் ஒருவர் சொல்வதைத்தான். இந்தக் கடிதம் கண்டதும் போன் பண்ணி, "ஆக்னஸ், இருக்கிற காரை எடு, கேட்டை உனக்காகத்தான் அகலப்படுத்தியிருக்கேன், கிறிஸ்துமஸுக்கு அதுல வந்து இறங்கணும்" என்று கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பையும், அடுத்த தெரு சித்தப்பா வீட்டாருக்கு வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். கர்த்தரும் நெல்லையப்பரும் சேர்ந்து தங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

தங்கள் அன்பும் பணிவும் மாறாத,
அருணாசலம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து கவருக்குள் வைத்த பிறகு திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். ஆக்னஸ் இப்பம்தான் உள்ளே வந்து, என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை ரொம்பப் படுத்திட்டேன். என்னால நீங்க பையைத் தூக்கிக்கிட்டு மெட்ரோவுக்கும் அடுத்தவங்க காருக்கும் அலையுதீங்க. எந்த பேட்டரி வந்தா என்ன. பானுகிட்ட சொல்லிட்டேன், இருக்கிற காரை இந்தச் சனிக்கிழமையே எடுத்துருவோம்" என்றாள். நல்ல மனசு மச்சான் அவளுக்கு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் எழுந்து போனதும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை கார் வந்தால் நேரே என் பார்க்கிங்கில் வந்து நின்றுவிடும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கேரம் ஃபைனல், நானும் ஷோபா அம்மாவும் ஒரு ஜோடி, கிருஷ்ணகுமாரும் ஃபாத்திமாவும் எதிர் ஜோடி. போர்டை வேறு எங்கே கொண்டுபோய்ப் போடுவது. சந்திரமோகனிடம் இனிமேல் உங்கள் வண்டி வேண்டாம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது. சர்ச்சுக்கு மறுபடி நான் திட்டிக்கொண்டே ஓட்ட, அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு ரயிலில் வருகிறோம், இப்பம்தான் போனில் டிக்கெட் போட்டேன், இரண்டு பேருக்கும் கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் ஆக்னஸுக்குப் போன் பண்ணி, "அந்தக் கார்ல புதுசா என்னவோ வரப்போகுதாமே" என்று மட்டும் சொல்லுங்கள். என்னது அண்ணே என்று கேட்டால், சரியாகத் தெரியலை என்று விட்டுவிடுங்கள். மீதியை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.